கீரையில ஈ கோலை எங்கேர்ந்து வருது, கழுவினா ஏன் போக மாட்டேங்குது

கேள்வி இதுதான்: அமெரிக்கால சாலட்ல போடற ரோமெய்ன் லெட்டூஸ், ஸ்பினாச்னு இலைக்கீரைங்களுக்கு வருஷா வருஷம் ரீகால், அதாவது கிருமி இருக்குன்னு வித்ததைத் திரும்ப வாங்கறது, வந்துட்டே இருக்கு, பாக்கெட்ல மூணு தடவை கழுவினதுன்னு போட்டிருக்கு, பண்ணையில டெஸ்ட்டும் பண்றாங்களாம், அப்புறமும் எப்படி பாக்டீரியா வருது, வீட்ல உப்பு, வினிகர் போட்டுக் கழுவினா சரியாயிடுமா.

ஆகாதுங்க. ஒரு இலை வயல்ல நிக்கும்போதே அது சுத்தமா இல்லையான்னு பெரும்பாலும் முடிவாயிடுது. அதுக்கப்புறம் ஃபேக்டரியில நடக்கறதும் சரி, நம்ம சிங்க்ல நடக்கறதும் சரி, கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான், எடுத்துடாது. இதைப் புரிஞ்சுக்கணும்னா வயல்ல என்ன நடக்குதுன்னு பாக்கணும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல கிருமி. இதுல பெரிய வில்லன் ஈ கோலை ஓ157:எச்7. நம்ம எல்லார் குடல்லயும் ஈ கோலை இருக்கு, அதுல பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது, ஆனா இந்த ரகம் ஷிகா டாக்ஸின்னு ஒரு விஷத்தை உண்டாக்கும். மனுஷனுக்கு நோய் தர்ற கிருமின்னு இதை 1982லதான் கண்டுபிடிச்சாங்க, ஆரிகன்லயும் மிச்சிகன்லயும் ஹாம்பர்கர் சாப்பிட்டவங்களுக்கு ரத்தபேதி வந்தப்போ. அந்த விஷம் ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற ஒரு ரிசெப்டரை, அதாவது விஷம் ஒட்டிக்கற இடத்தை, பிடிச்சுக்குது, முக்கியமா கிட்னியில இருக்கற மெல்லிய குழாய்ங்கள்ல. நோய் வந்தவங்கள்ல நூத்துக்கு அஞ்சுலேர்ந்து பத்து பேருக்கு எச்.யூ.எஸ்.னு சொல்ற கிட்னி பாதிப்பு வரும், சின்னக் குழந்தைங்களுக்கு இது ரொம்பவே மோசம், டயாலிசிஸ் வரைக்கும் போகும். மாட்டுக்கு இது ஒண்ணுமே பண்றதில்லை. மாட்டோட ரத்தக்குழாய்ல அந்த ரிசெப்டர் இல்லாததால கிருமி அது குடலோட கடைசிப் பகுதியில சுகமா குடியிருந்துட்டு சாணியில வெளிய வந்துட்டே இருக்கும், மாடு நல்லா மேஞ்சுட்டு கொழுகொழுன்னு நிக்கும். பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ மறுபடி வருவேன்.

இன்னொண்ணு அளவு. நூறு செல்லுக்கும் குறைவா உள்ள போனாலே ஒருத்தருக்கு நோய் வரலாம். சில மாடுங்க ஒரு கிராம் சாணியில பத்தாயிரம் செல்லுக்கு மேல வெளியேத்தும். கணக்கு போட்டுக்கங்க, ஒரு கிராம் போதும் நூறு பேருக்கு. அதுவும் நாம இலையைப் பச்சையா திங்கறோம், நடுவுல கொதிக்க வைக்கற வேலையே இல்லை. இறைச்சியிலயாவது அடுப்புன்னு ஒரு காவல் இருக்கு, சாலட்ல அது கிடையாது.

இப்ப 2006க்கு வாங்க. இந்தத் துறையில வேலை பாக்கற யாரைக் கேட்டாலும் எல்லாத்தையும் 2006க்கு முன்னாடி, பின்னாடின்னுதான் பிரிச்சுப் பேசுவாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி எஃப்.டி.ஏ., அதாவது அமெரிக்காவோட உணவு, மருந்துத் துறை, நாடு முழுக்க பாக்கெட் ஸ்பினாச் யாரும் சாப்பிடாதீங்கன்னு சொல்லிடுச்சு. ஒரு கம்பெனி, ஒரு ஊர்னு பிரிக்க நேரமில்லை, எல்லா ஸ்பினாச்சும். 26 மாநிலத்துல 205 பேருக்கு நோய் உறுதியாச்சு, நூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, 31 பேருக்கு எச்.யூ.எஸ். வந்துச்சு, மூணு பேர் இறந்தாங்க, அதுல ஒண்ணு ஐடஹோல ரெண்டு வயசுக் குழந்தை. நோயாளிங்க வீட்ல மிச்சம் இருந்த பாக்கெட்டுங்களைச் சேகரிச்சாங்க, நியூ மெக்ஸிகோ லேப்ல ஒரு திறந்த பாக்கெட்லேர்ந்து அதே கிருமியை வளர்த்து எடுத்தாங்க. பாக்கெட் மேல பி227ஏன்னு கோட். 227ன்னா வருஷத்தோட 227ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 15, கடைசியில இருக்கற ‘ஏ’ங்கற எழுத்து ஷிஃப்ட். அந்த ஒரு நாள், ஒரு ஷிஃப்ட்ல எந்தெந்த வயல்லேர்ந்து இலை வந்துச்சுன்னு பின்னாடியே போய்ப் பாத்தா, கலிஃபோர்னியால சான் பெனிட்டோ கவுண்டியில மூணு ஏக்கர்கூட முழுசா இல்லாத ஒரு துண்டு நிலத்துல போய் நின்னுது.

அந்த நிலம் எங்க இருந்துச்சுங்கறதுதான் விஷயமே. பைசினஸ்ங்கற இடத்துல ஒரு பெரிய மாட்டுப் பண்ணை, மேய்ச்சல் மாடு. அதுல ஒரு ஓரத்தை கீரை போட குத்தகைக்கு விட்டிருந்தாங்க. ஆய்வுக்குப் போனவங்க மாட்டுச் சாணியிலயும், ஆத்துத் தண்ணியிலயும், காட்டுப்பன்னி விட்டையிலயும் அதே ரகக் கிருமியை எடுத்தாங்க, எல்லாம் வயல்லேர்ந்து ஒரு மைலுக்குள்ள. வேலி ஓட்டை வழியா பன்னி வயலுக்குள்ள வந்து போன தடம் இருந்துச்சு. கிணத்துத் தண்ணிக்கும் ஆத்துக்கும் நிலத்தடியில தொடர்பு இருக்கலாம்னும் ஒரு சந்தேகம். ஆனா இந்த வழியாதான் இலைக்கு வந்துச்சுன்னு 2007ல வந்த இறுதி அறிக்கைகூட அடிச்சுச் சொல்லல, ஏன்னா ஆய்வாளர் போய்ச் சேர்றப்போ அறுவடை முடிஞ்சு வாரக்கணக்காச்சு, இலை இல்லை, அந்த நாள் தண்ணி இல்லை, ஒண்ணும் இல்லை. இந்த வகை விசாரணை எல்லாத்துக்கும் இதுதான் தலைவலி. சாப்பிட்ட மூணு நாலு நாள் கழிச்சுதான் வயித்துவலி வருது, டாக்டர்கிட்ட போய், டெஸ்ட் எடுத்து, லேப்ல ஜீன் பொருத்திப் பாத்து, நாலு மாநிலம் சேர்ந்து இது ஒரே கிருமின்னு சொல்றதுக்கு மூணு நாலு வாரம் ஆயிடும். அதுக்குள்ள அந்த வயலை உழுது அடுத்த பயிர் போட்டிருப்பாங்க.

ஏன் பேபி ஸ்பினாச் மாதிரி இலைங்கதான் இப்படி மாட்டுதுன்னா, அது வளர்ற விதத்தைப் பாருங்க. ரெண்டு மீட்டர் அகலப் பாத்தியில ஏக்கருக்கு 30 லட்சம் விதைக்கு மேல தூவறாங்க, பச்சைக் கம்பளி விரிச்ச மாதிரி நெருக்கமா வரும், ஒரு மாசத்துல அறுவடை, அதுவும் ஆள் குனிஞ்சு பறிக்கறதில்லை, ரம்பம் மாதிரி பிளேடு வச்ச மெஷின் தரைக்கு ரெண்டு மூணு விரல் மேல வெட்டிட்டே போகும். அந்த மெஷின் போற வழியில ஒரு பறவை எச்சம், ஒரு முயல் புழுக்கை இருந்தாலும் யார் பாக்கறது? வெட்டின இலை எல்லாம் ஒரே தொட்டியில கலக்குது. இவ்வளவு நெருக்கமா இருக்கற பயிருக்கு சொட்டு நீர் போடறது கஷ்டம், அதனால ஸ்ப்ரிங்க்ளர், அதாவது தண்ணி நேரா தின்னப்போற இலை மேலயே விழுது. ரோமெய்ன்ல வேற பிரச்னை, அது நிமிர்ந்து வளரும், நடுவுல குழி மாதிரி இருக்கும், மேலேர்ந்து விழற தண்ணி உள்ளே தேங்கி நிக்கும். வெயில் பட்டா புற ஊதாக் கதிர்ல கிருமி வேகமா சாகும், அது உண்மைதான், ஆனா இலையோட அடிப்பக்கத்துலயும் உள் மடிப்புலயும் வெயில் எங்க படுது.

தண்ணின்னு சொன்னேனே, அதுக்கு உதாரணம் 2018 யூமா. குளிர்காலத்துல அமெரிக்காவோட இலைக்கீரை எல்லாம் கலிஃபோர்னியா சலினாஸ் பள்ளத்தாக்குலேர்ந்து இடம்மாறி அரிசோனாவோட யூமாக்கும் பக்கத்து இம்பீரியல் பள்ளத்தாக்குக்கும் போயிடும். பாலைவனம், கொலராடோ ஆத்துத் தண்ணி திறந்த கால்வாய்ல வருது, அதுதான் அங்க உயிர். 2018 வசந்தத்துல 36 மாநிலத்துல 210 பேருக்கு நோய், 96 பேர் ஆஸ்பத்திரி, 27 பேருக்கு எச்.யூ.எஸ்., 5 பேர் செத்துட்டாங்க. எல்லாம் யூமா பக்கத்து ரோமெய்ன். எஃப்.டி.ஏ. போய்த் தேடினப்போ வெல்டன் பகுதியில ஓடற பாசனக் கால்வாய்த் தண்ணியில அதே கிருமி கிடைச்சுது. அந்தக் கால்வாய் ஓரத்துல ஒரு மாட்டுப்பட்டி, ஒரு லட்சத்துக்கு மேல மாடு அடைச்சு வைக்கற இடம். கிருமி பட்டியிலேர்ந்து கால்வாய்க்கு எந்த வழியா போச்சு, பட்டியிலேர்ந்துதான் போச்சாங்கறதைக் கடைசி வரைக்கும் நிரூபிக்க முடியல.

அந்த அறிக்கையில இன்னொரு விஷயம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்லை. அந்தக் கால்வாய்த் தண்ணி பாசனத்துக்கு மட்டும் போகல, பூச்சிமருந்து கலக்கறதுக்கும் அதையே எடுத்திருக்காங்க, அதை விமானத்துலயும் டிராக்டர்லயும் இலை மேல அடிச்சிருக்காங்க. மருந்துதானே, அதுலயே கிருமி செத்துடாதான்னு தோணும். பூச்சிமருந்து பூச்சியோட நரம்பைத் தாக்கறது, பாக்டீரியாவுக்கு அதுல பயமே இல்லை. வாய்க்கால்ல விட்டா மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணியை நாமளே பொடிப்பொடியா இலை முழுக்கத் தெளிச்ச மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில அங்க கடும் பனி விழுந்து இலைங்க வெடிச்சுப் போயிருந்துச்சு, காயம் பட்ட இலையில கிருமி ஒட்டறதும் உள்ளே போறதும் சுலபம், அதையும் ஒரு காரணமா சொன்னாங்க.

அதே வருஷம் நவம்பர்ல மறுபடி. நன்றித் திருநாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) ரெண்டு நாள் முன்னாடி, எந்த ரோமெய்னா இருந்தாலும் தூக்கிப் போடுங்கன்னு அமெரிக்காவோட நோய்த்தடுப்புத் துறையான சி.டி.சி. சொல்லிடுச்சு. 62 பேருக்கு நோய். இந்தத் தடவை கலிஃபோர்னியா சாண்டா பார்பரா கவுண்டியில ஒரு பண்ணையோட தண்ணித் தேக்கத்துல, அடியில படிஞ்ச சேத்துல கிருமி கிடைச்சுது. மேல தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணா சுத்தமா வரும், மோட்டார் போட்டு கலக்கிவிட்டா சேறு கிளம்பும். 2019ல சலினாஸ் பக்கம், 167 பேர், அப்போ பண்ணையிலேர்ந்து ரெண்டு மைலுக்குள்ள மேட்டுப்பக்கம் இருந்த பொது நிலத்துல மாட்டுச்சாணியில அதே ரகம் இருந்துச்சு. மழை மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். திரும்பத் திரும்ப கதையில மாடு வருது, தண்ணி வருது.

எருவைப் பத்தியும் கேப்பீங்க. ஆர்கானிக்னா சாணி போடுவாங்களே, அதுல வராதான்னு. பச்சைச் சாணி ஆபத்துதான், இந்தக் கிருமி கலந்த எரு போட்ட மண்ணுல அது 200 நாள் வரைக்கும்கூட உயிரோட இருந்ததை ஆய்வுல பாத்திருக்காங்க, லெட்டூஸ் செடியில 77 நாள். அமெரிக்க ஆர்கானிக் விதிப்படி மண்ணைத் தொடற விளைச்சலுக்கு பச்சை எரு போட்டு 120 நாள் கழிச்சுதான் அறுவடை பண்ணலாம், ஒரு மாசத்துல அறுக்கற கீரைக்கு அது நடைமுறையில தடை மாதிரிதான். கம்போஸ்ட்னா 55 டிகிரி சூடு ஏறணும், நீளக்குவியலா போட்டா 15 நாள் அந்தச் சூடு நிக்கணும், அதுக்குள்ள அஞ்சு தடவை புரட்டணும், ஓரத்துல இருக்கறது உள்ளே வர்றதுக்குத்தான் புரட்டறது. இதை ஒழுங்காப் பண்ணா பயமில்லை. நான் சொன்ன பெரிய நோய்ப்பரவல்கள்ல எரு முக்கியக் குற்றவாளியா வரல. அதனால ஆர்கானிக்னா ஆபத்து, கெமிக்கல்னா பாதுகாப்புன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கால்வாய்த் தண்ணி ரெண்டு வயலுக்கும் ஒண்ணுதான். ஆளுங்களும் ஒரு வழிதான், வயல்ல 20 பேருக்கு ஒரு கழிப்பறை, கால் மைல் தூரத்துக்குள்ள இருக்கணும்னு சட்டம், கை கழுவ தண்ணியும். வேலையாளுக்கு வயித்தால போனா சம்பளத்தோட லீவு கொடுக்காத இடத்துல அவர் சொல்லாம வேலைக்கு வருவாரு, வேற என்ன பண்ணுவாரு பாவம், அதுக்கு போஸ்டர் ஒட்டி பிரயோஜனம் இல்லை.

கண்ணாடிக்கூடத்துல வளர்த்தா, மண்ணே இல்லாம தண்ணியில வளர்க்கற ஹைட்ரோபானிக்னா வராதான்னு சிலர் கேக்கறாங்க. 2021ல இல்லினாய்ல அப்படி உள்ளரங்குல வளர்த்த சாலட் இலையில சால்மோனெல்லான்னு வேற ஒரு குடல் கிருமி வந்துச்சு, பக்கத்துல இருந்த மழைநீர்க் குட்டையில அதே கிருமி. கூரை போட்டா ஆபத்து குறையும், சுத்தமா நின்னுடாது.

சரி, கழுவறதுக்கு வருவோம். இலைன்னா வழுவழுப்பான தட்டு இல்லைங்க. மைக்ராஸ்கோப்ல பாத்தா மேடு, பள்ளம், முடி, அப்புறம் காத்து போக வர்ற இலைத்துளைங்க. ஈ கோலை அந்தத் துளை ஓரத்துல போய் ஒட்டிக்குது, சில சமயம் துளைக்குள்ளயே இறங்குது, நார் மாதிரி புரதம் விட்டுப் பிடிச்சுக்குது, கூட இருக்கற மத்த பாக்டீரியாவோட சேர்ந்து மேல ஒரு வழுக்குப் படலம் கட்டிக்குது. வெட்டின ஓரத்துல சாறு கசியும், அது கிருமிக்கு சாப்பாடு. தண்ணி இதையெல்லாம் தொடவே தொடாது. ஃபேக்டரியில குளோரின் கலந்த குளிர்ந்த தண்ணியில கழுவினாலும் 90லேர்ந்து 99 சதவீதம்தான் குறையும். கேக்க பெருசா இருக்கு, ஆனா ஒரு இலையில பத்தாயிரம் இருந்துச்சுன்னா மிச்சம் நூறுலேர்ந்து ஆயிரம். நான் மேல சொன்ன அளவு ஞாபகம் இருக்கா, நூறே ஜாஸ்தி. அப்ப எதுக்கு குளோரின் போடறாங்கன்னா அந்தத் தொட்டித் தண்ணியைக் காப்பாத்தத்தான், ஒரு கெட்ட இலையிலேர்ந்து கழண்டு வர்ற கிருமி அடுத்த ஆயிரம் இலைக்கு ஒட்டாம இருக்கறதுக்கு. குளோரின் அளவு இறங்கிப்போச்சுன்னா கழுவற தொட்டியே பரப்பற தொட்டி. பாக்கெட் மேல போட்டிருக்கற மூணு தடவை கழுவினதுங்கற வாசகத்தை மண்ணு போயிடுச்சுன்னு மட்டும் எடுத்துக்கங்க.

வீட்ல உப்பு, மஞ்சள், வினிகர், பேக்கிங் சோடா எல்லாம் இதே கதைதான், ஓடற தண்ணியில அலசறதை விட பெருசா ஒண்ணும் செஞ்சுடாது, சோப்பு மட்டும் போட்டுடாதீங்க, இலை உறிஞ்சிக்கும். ஏற்கனவே கழுவி பாக்கெட்ல வந்ததை மறுபடி கழுவ வேண்டாம்னுதான் எஃப்.டி.ஏ.வும் சொல்லுது, காரணம் நம்ம சிங்க்ல காலையில கோழி கழுவியிருப்போம்.

டெஸ்ட்டுக்கு வர்றேன், இதுலதான் மக்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தி. அறுவடைக்கு முன்னாடி வயல்ல குறுக்கும் நெடுக்குமா நடந்து 60 இடத்துல இலை பறிச்சு, மொத்தமா ஒரு பையில போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. கிருமி வயல் முழுக்கப் பரவி இருக்காது, அங்கங்க திட்டுத்திட்டா இருக்கும். ஆயிரத்துல ஒரு செடியில இருக்குன்னு வச்சுக்கங்க, 60 இடத்துல எடுத்தா அது உங்க கையில மாட்டறதுக்கு வாய்ப்பு நூத்துக்கு ஆறு. மீதி 94 தடவை அந்த வயல் பாஸ். ஆயிரத்துல ஒண்ணுங்கறது சின்ன விஷயமும் இல்லை, ஒரு வயல்ல பல லட்சம் செடி இருக்கு. டெஸ்ட் வேண்டாம்னு சொல்லல, பெருசா பாழாப் போன வயலை அது பிடிச்சுடும், அதுக்கு அது வேணும். ஆனா டெஸ்ட் பாஸ்னா சுத்தம்னு அர்த்தம் இல்லை. இந்தக் கணக்கை பள்ளிக்கூடப் பையன்கூடப் போடலாம், ஆனாலும் டெஸ்ட் ரிப்போர்ட்டை வச்சு வியாபாரம் நடக்குது, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

அப்ப என்ன மாத்தினாங்க? 2006க்கு அப்புறம் கலிஃபோர்னியாலயும் அரிசோனாலயும் கீரை வியாபாரிங்க சேர்ந்து 2007ல எல்.ஜி.எம்.ஏ.ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அரசாங்க ஆளுங்க வந்து தணிக்கை பண்ணுவாங்க. தண்ணி டெஸ்ட், வேலி, அறுவடைக்கு முன்னாடி வயல் முழுக்க நடந்து பாக்கறது, விட்டை கண்ணுல பட்டா அதைச் சுத்தி ஒண்ணரை மீட்டருக்கு அறுக்காம விடறது, இதெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான், நல்ல வேலை, நிறைய விவசாயிங்க உண்மையாவே உழைச்சிருக்காங்க. ஆனா ஆரம்பத்துல மாட்டுப்பட்டிக்கும் வயலுக்கும் 400 அடி இடைவெளி போதும்னு வச்சிருந்தாங்க. நெப்ராஸ்கால விவசாயத் துறை ஆய்வாளருங்க ஒரு மாட்டுப்பட்டி பக்கத்துல 60, 120, 180 மீட்டர்ல கீரை போட்டுப் பாத்தாங்க. 400 அடின்னா சுமார் 120 மீட்டர், அவங்களுக்கு 180 மீட்டர்லயும் கிருமி கிடைச்சுது. பட்டியில மாடு மிதிச்சுக் காஞ்ச சாணி தூசியா பறக்குது, காத்துக்கு அடி மீட்டர் எல்லாம் தெரியாது. யூமாக்கு அப்புறம்தான் ஆயிரம் மாட்டுக்கு மேல இருந்தா 1,200 அடி, 80,000க்கு மேல இருந்தா ஒரு மைல்னு ஏத்தினாங்க, மேல தெளிக்கற திறந்தவெளித் தண்ணியை அறுவடைக்கு முந்தின 21 நாள் கிருமிநீக்கம் பண்ணித்தான் விடணும்னும் கொண்டுவந்தாங்க. இதுவரை வந்ததுலேயே அந்த 21 நாள் விதிதான் உருப்படியானதுன்னு நான் நினைக்கறேன். அதுக்கு முன்னாடி இருந்த தண்ணி அளவுகோல் என்ன தெரியுமா, 100 மில்லிக்கு சராசரி 126 ஈ கோலை, அது 1986ல ஏரியில குளிக்கறவங்களுக்காகப் போட்ட அளவு. குளிக்கற தண்ணிக்குப் போட்ட கணக்கை பச்சையா திங்கற இலைக்கு வச்சு பத்து வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்காங்க.

சில மாத்தம் தப்பான திசையிலயும் போச்சு. காட்டு விலங்கு வருதுன்னு வயல் ஓரத்துல இருந்த புதர், ஆத்தங்கரை மரம் எல்லாத்தையும் சலினாஸ் பக்கம் வெட்டித் தள்ளினாங்க, வாங்கற கம்பெனிங்களோட நெருக்கடி அப்படி. 2015ல வந்த ஆய்வுல பாத்தா செடிகொடி அழிச்ச இடத்துல கிருமி குறையவே இல்லை, கூடித்தான் இருந்துச்சு. ஓரத்துல இருக்கற புல்லும் புதரும் மேட்டுலேர்ந்து வர்ற தண்ணியை வடிகட்டும், தூசியைத் தடுக்கும், அதை எடுத்துட்டா வழி திறந்து விட்ட மாதிரி.

சட்டம்னு பாத்தா 2011 ஜனவரியில உணவுப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாச்சு, 2015ல விளைபொருள் விதி வந்துச்சு, அதுல தண்ணிப் பகுதியை மட்டும் இழுத்து இழுத்து 2024 மே மாசம்தான் முடிச்சாங்க. அதுக்கு நடுவுல எத்தனை பேர் படுத்தாங்கன்னு மேல எழுதிட்டேன். புது விதிப்படி கீரைப் பண்ணைக்காரர் தன் தண்ணி எங்கேர்ந்து வருது, பக்கத்து நிலத்துல என்ன இருக்குன்னு வருஷா வருஷம் ஆராய்ஞ்சு எழுதணும், ஆபத்து இருந்தா மாத்தணும். சரிதான், ஆனா பக்கத்துல ஒரு லட்சம் மாடு இருந்தா அவர் என்ன பண்ண முடியும்? மாட்டுக்காரரை ஒண்ணும் கேக்க முடியாது. விளைபொருள் விதி கீரைப் பண்ணையைத்தான் கட்டுப்படுத்தும். இறைச்சியைப் பாக்கற துறை மாடு அறுக்கற இடத்துலேர்ந்துதான் பாக்க ஆரம்பிக்குது. நடுவுல சாணி யாரோட பொறுப்புன்னா யாரோடதும் இல்லை.

மாட்டுக்கு இந்தக் கிருமியைக் குறைக்கற தடுப்பூசி இருக்குங்க. கனடால 2008லயே அனுமதி கொடுத்தாங்க, அமெரிக்கால அடுத்த வருஷம் நிபந்தனையோட ஒண்ணுக்கு. யாரும் பெருசா போடல. மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான், மாட்டுக்கு நோயே வர்றதில்லை, எடை குறையறதில்லை, பால் குறையறதில்லை, அப்போ ஊசிக்குக் காசு கொடுக்க மாட்டுக்காரருக்கு என்ன தேவை? பலன் கிடைக்கறது எங்கேயோ ஆயிரம் மைல் தள்ளி சாலட் தின்ற குழந்தைக்கு. இந்த மாதிரி செலவு ஒருத்தருக்கு, பலன் இன்னொருத்தருக்குன்னு இருந்தா அரசாங்கம்தான் நடுவுல வந்து ஊசி காசைக் கொடுக்கணும் இல்லைன்னா கட்டாயமாக்கணும். 1994ல மாட்டுக்கறி அரைச்சதுல ஓ157 இருந்தா விக்கவே கூடாதுன்னு அரசாங்கம் கறாரா சொல்லுச்சு, கறி வியாபாரிங்க கத்தினாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, அப்புறம் தொழிலே மாறுச்சு, கறியால வர்ற நோய் நல்லாக் குறைஞ்சுது. அந்தக் கண்டிப்பு மாட்டுப்பட்டிக்கு வந்தா கீரைக்காரர் பாதி நிம்மதியா தூங்குவார். கீரைக்காரரையே திரும்பத் திரும்ப வேலி போடு, குளோரின் போடுன்னு சொல்றது பத்தாது.

கடைசியா நம்ம வீட்டுக்கு. சமைச்சா பிரச்னையே இல்லை, 70 டிகிரி தாண்டினா இந்தக் கிருமி செத்துடும், மசியல், பொரியல், கூட்டு எதுவா இருந்தாலும் கொதிச்சுதான் இறங்குது. அதனால நம்ம சமையல்ல ஸ்பினாச்சுக்கு பயப்பட வேண்டியதில்லை, பச்சையா ஸ்மூத்தியில போடறது, கொத்தமல்லி பச்சையா மேல தூவறது, சாலட், சாண்ட்விச், இங்கதான் கவனம். அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க, வயசானவங்க, கர்ப்பிணிங்க, கீமோ எடுக்கறவங்க இருக்கற வீட்ல பாக்கெட் சாலட்டைத் தவிர்த்துடுங்கன்னு நான் நேராவே சொல்லிடுவேன். சாப்பிட்டே ஆகணும்னா வெட்டாத முழு லெட்டூஸ் வாங்கி வெளி இலை ரெண்டு மூணை எடுத்துப் போட்டுட்டு சாப்பிடுங்க, முழுசா பாதுகாப்பு கிடையாது, ஆனா பத்து வயலோட இலை கலந்த பாக்கெட்டை விட ஒரு செடியோட ஆபத்து ஒரு செடியோடதான். வாங்கினதை உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க, 5 டிகிரிக்குள்ள இருந்தா கிருமி சாகாது, ஆனா பெருகாது, கார்ல ரெண்டு மணி நேரம் வெயில்ல கிடந்தா பெருகும்.

ரத்தம் கலந்து வயித்தால போச்சுன்னா, அதுவும் குழந்தைக்குன்னா, வீட்ல இருக்கற பழைய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துடாதீங்க, இந்தக் கிருமிக்கு அது கிட்னி பாதிப்பை அதிகமாக்க வாய்ப்பு இருக்கு, பேதியை நிறுத்தற மாத்திரையும் கூடாது. அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, ஷிகா டாக்ஸினுக்கு மலப் பரிசோதனை பண்ணச் சொல்லிக் கேளுங்க, ஒண்ணுக்குப் போறது குறையுதா, முகம் வெளுக்குதான்னு ஒரு வாரம் பத்து நாள் பாத்துட்டே இருங்க, பெரும்பாலும் பேதி குறையற நேரத்துலதான் கிட்னி பாதிப்பு ஆரம்பிக்கும். முந்தின வாரம் பச்சையா என்ன இலை, எந்தக் கடையில வாங்கினது எல்லாம் எழுதி வைங்க, ஃப்ரிட்ஜ்ல பாதிப் பாக்கெட் இருந்தா தூக்கிப் போடாம இன்னொரு கவர்ல கட்டி தனியா வச்சு, சுகாதாரத் துறைலேர்ந்து ஃபோன் வந்தா பாக்கெட் மேல இருக்கற கோட் நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க.